குடியிருந்த கல்

செங்காட்டுப்பாளையத்தில் புதுச் சுவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்கிவிடத் தொடங்கியது ஒரு தை மாதத்தில். இடிந்தன என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவை இடியவில்லை. ரிட்டையர்டு பஸ் கண்டக்டர் குமாரசாமி முந்தின நாள் எழுப்பிய காம்பவுண்டு சுவருக்குத் தண்ணீர் காட்டலாம் என்று விடிந்ததும் ஓஸ் பைப்போடு வெளியே வந்தபோது, சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை, செங்கல் எல்லாம் லாரியிலிருந்து அப்போதுதான் இறக்கியது போல ஓரமாக அடுக்கியிருந்தது, பக்கத்தில் மணல் தனிக் குவியலாகவும் சிமெண்டு தனிக் குவியலாகவும் கிடந்தன, மணல் குவியலின் மேல் தெருநாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. ஒரு கல்லுக்குக்கூட மூக்கு உடையவில்லை. குமாரசாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கொண்டுவந்த தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று கனகாம்பரச் செடிக்கு விட்டுவிட்டு உள்ளே போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னார். அவள், "இறங்கிருச்சுங்களா, சரி, காப்பி ஆறுது குடிங்க" என்றாள்.

பழி முதலில் கொத்தனார் அங்கமுத்துவின் மேல் விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கணக்கில் அங்கமுத்து சிமெண்டைச் சொன்னார், சிமெண்டுக் கடைக்காரர் மணலைச் சொன்னார், மணல்காரர் தண்ணீரைச் சொன்னார், தண்ணீர் பேசாதாகையால் அதோடு நின்றது. ஆனால் அடுத்த வாரம் மேற்கு வீதியில் ஒரு மாடி இறங்கியது, அதற்கடுத்து பால் சொசைட்டியின் புதுக் கட்டிடம் இறங்கியது, கம்பிகள்கூட நெளியாமல் நிமிர்ந்து வரிசையாகப் படுத்துக்கொண்டன. மாசி பிறப்பதற்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால், "நேத்து வெச்சது நிக்குதுங்களா?" என்று கேட்பதும், "எங்கங்க, இறங்கிருச்சு" என்று சொல்வதும், மழை பெய்ததா என்று கேட்பதைப் போல ஒரு பேச்சாகிவிட்டது.

காரணத்தை அல்ல, ஒழுங்கைத்தான் அங்கமுத்து கண்டுபிடித்தார். எந்த வீடு கட்டினாலும் அஸ்திவாரத்துக்கு முன்னால் சிமெண்டு மூட்டை வைக்க ஒரு சின்னக் கொட்டகை போடுவார்கள், அதற்கு யாரும் புதுக் கல்லை வீணாக்க மாட்டார்கள், எங்கேயாவது இடித்த வீட்டின் பழைய கல்லைத்தான் வாங்கிப் போடுவார்கள். வீடுகள் எல்லாம் இறங்கிப் போனபோதும் அந்தக் கொட்டகைகள் மட்டும் ஊர் முழுக்க அசையாமல் நின்றன. "ஒருக்கா யாருக்காச்சும் உதவுன கல்லுதான் நிக்குதுங்க" என்று அங்கமுத்து டீக்கடையில் சொன்னார். "இன்னும் யாருக்கும் உதவாத கல்லு, தனக்கு வேலை இல்லீன்னு இறங்கிக்குது."

அதற்குப் பிறகு ஊர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன் இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள், இங்கே இருந்த வீட்டைவிட இடித்த வீட்டுக்கு விலை ஏறியது. இத்தனை வருஷமாக இடித்ததையெல்லாம் பொக்லைனில் அள்ளிக் குளத்தில் கொட்டிவந்த ஜனங்கள் இப்போது கூடையும் கடப்பாரையுமாகக் குளத்துக்குள் இறங்கினார்கள், தாத்தா காலத்துச் செங்கல்லையும் ஓடுகளையும் நிலைப்படியையும் தேடித் தேடி மேலே கொண்டுவந்தார்கள், குப்பைமேடாகக் கிடந்த குளம் மறுபடி குளமாகியது, அந்தப் பங்குனியில் யாரும் கூப்பிடாமலே நாரைகள் வந்து நின்றன. பஸ் ஸ்டாண்டு கக்கூஸை நகராட்சி இடித்தபோது கல்லுக்கு அடிதடி நடந்தது. அதைவிட அவசரமாக ஒரு மனுஷனுக்கு எது உதவியிருக்கும் என்று சொல்லி அதை வாங்கிப்போனவர் பூஜை அறை கட்டினார், அது கல் மாதிரி நின்றது. சுடுகாட்டுக் கொட்டகைக் கல் ஒரு வீட்டின் சாப்பாட்டு அறையாகியது. காலனியில் இடிந்த தொகுப்பு வீட்டின் கல் ஊருக்குள் எந்த வீட்டில் எந்தச் சுவராக நிற்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போனது, தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. கல்லைப் பார்த்துக் குலம் கேட்டால் வெயிலில்தான் படுக்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் புரிந்தது. சிமெண்டு வைத்துக் கட்டிய வீட்டைப் பிரித்தால் கல்லும் கலவையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு சில்லுச் சில்லாகத்தான் வந்தன. சுண்ணாம்பில் கட்டிய பழைய வீட்டுக் கல்லோ, கொத்துக்கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினால் சட்டையைக் கழற்றுவது போலக் காரையைக் கழற்றிவிட்டு முழுசாக வந்தது. அதனால் அங்கமுத்து மறுபடி சுண்ணாம்பு அரைக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் "நான் கட்டுனா இடிச்சாலும் இடியாதுங்க" என்று மார் தட்டியவர், இப்போது "நான் கட்டுனா எப்ப வேணா கழட்டலாமுங்க, ஒரு கல்லு சேதாரம் ஆகாது" என்று மார் தட்டினார். மார் என்னவோ அதே மார்தான்.

இத்தனையிலும் மயிலாத்தாளின் பக்கம் யாரும் திரும்பவில்லை. அவள் ஊருக்குக் கிழக்கே செங்கல் சூளை வைத்திருந்தாள். புருஷன் பெயரில் லைசென்சு, புருஷன் டிவியின் முன்னால், சூளை இவள் தலையில் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த ஏற்பாடு. தையில் வழக்கம்போலத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்லறுக்கக் குடும்பங்கள் வந்து இறங்கிவிட்டன, அறுத்த பச்சைக்கல் காய்ந்துவிட்டது, முதல் சூளையும் வெந்துவிட்டது, வெந்து சிவந்த கல் மலைமலையாக நின்றது, வாங்க ஆள் இல்லை. பத்து விரலால் தட்டினால் பத்து விதமாகக் கணீரென்று பேசும் கல். "இத்தனை அழகா இருந்து என்ன பண்றது, உன்னைய யாருக்கும் வேண்டாமாம்" என்று மயிலாத்தாள் அதனோடு சண்டை போட்டாள். அவளுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது. சூளை அணைந்தால் தான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

அவளுடைய மாட்டுக் கொட்டகைதான் வழி சொன்னது. இந்த மாசியில் கட்டியது, அவள் சூளைக் கல்லே, ஆனால் நின்றுகொண்டிருந்தது. சாணி அள்ளக் குனிந்தவள் அப்படியே நிமிராமல் யோசித்தாள். அது போன வருஷம் சூளையாட்கள் குடியிருந்த குடிசைக் கல். எல்லாச் சூளையிலும் உள்ள வழக்கம்தான்: வருகிறவர்கள் வெந்த கல்லில் கொஞ்சத்தை எடுத்துக் கலவை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தார்ப்பாயோ தகரமோ போட்டு, குனிந்து நுழையும்படி ஒரு வாசல் விட்டுக் குடியிருப்பார்கள். ஆடியில் அவர்கள் ஊர் திரும்பியதும் அந்தக் கல்லும் லாரியேறிவிடும், போன வருஷம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவர்களோடு சேர்ந்து புகை குடித்த கல், அவர்கள் சோறு பொங்கியதைப் பார்த்த கல்.

மறுநாளே மயிலாத்தாள் குடிசைகளைப் பிரித்து விற்றாள், அவர்களுக்குப் புதுக் கல்லில் புதுக் குடிசை அடுக்கிக் கொடுத்தாள். விற்ற கல் நின்றது. ஊரே சூளைக்கு ஓடிவந்தது. "குடியிருந்த கல்லு இருக்குதுங்களா?" என்பதுதான் கேள்வி. குடிசை பெரிதானால் கல் அதிகம் என்பதால் குடிசைகள் பெரிதாகின, சுவர் உயர்ந்தது, ஜன்னல் வந்தது, அடுப்புக்குத் தனித் தடுப்பு வந்தது. வேடியம்மாள் என்ற பெண், வயிற்றுப் பிள்ளையோடு அச்சில் மண்ணை அடித்துக் கல்லறுப்பவள், தன் புதுக் குடிசைக்குள் நுழையும்போது பழக்க தோஷத்தில் குனிந்துவிட்டு, தலை எதிலும் இடிக்காததால் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஏம் மொதலாளியம்மா, வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு நிமிந்து உள்ள போறது இதுதான் மொதத் தடவ" என்றாள். அவள் புருஷன் மாதையன் வாசலில் நின்று ஒருமுறை, குதித்து ஒருமுறை, அளந்து பார்த்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு தன் லாபத்துக்காகச் செய்த வேலையில் வந்தது என்று மயிலாத்தாளுக்குத் தெரியும், இருந்தாலும் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

குறுக்கு வழி தேடியவர்களும் உண்டு. கூலிக்கு ஆள் பிடித்து அடுக்கிய கல்லுக்குள் உட்காரவைத்து, பிரியாணிப் பொட்டலமும் செல்போனும் கொடுத்து, இரண்டு நாளில் பிரித்துக் கட்டினார்கள். அது விடிவதற்குள் இறங்கியது. வேறு போக்கிடம் உள்ளவன் உட்கார்ந்த கல்லை, யாருக்கும் உதவியதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது.

வைகாசி வந்தது. வீட்டைக் கட்டிப் பார் கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள், தறிப்பட்டறை லோகநாதன் இரண்டையும் ஒரே மாதத்தில் செய்து பார்க்கத் துணிந்திருந்தார். மகன் கல்யாணத்துக்கு முன்னால் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், வீடு முடிந்துவிட்டது, புது மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கப்போகிற அறைக்கு மட்டும் ஒரு பக்கத்துச் சுவருக்குக் கல் போதவில்லை. அவர் காரை விட்டு இறங்காமலே மயிலாத்தாளைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, கல்லு வேணும். இன்னிக்கே."

"குடியிருந்த கல்லெல்லாம் போயிருச்சுங்கண்ணா. இப்ப அடுக்குனதுல ஆளுக குடி போயி நாலு நாளுகூட ஆகுல."

"அதா, ஒண்ணு நிக்குது பாரு."

அவர் காட்டியது வேடியம்மாளின் குடிசையை. மூன்று நாளுக்கு முன்னால்தான் அதற்குள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மயிலாத்தாள் அதைச் சொன்னாள். சாதாரணக் காலமாக இருந்தால் தீட்டு என்று அந்தப் பக்கம் காரைத் திருப்பியிருக்கமாட்டார் லோகநாதன். இப்போது, "பொறந்த ஊடுதான, நல்லதுதான்" என்றார். பிறகு கார் கண்ணாடியை ஏற்றப்போனவர் நிறுத்தி, "நீ மண்ணெடுக்கறது எங்க காட்டுல, மறந்துராத அம்மிணி" என்றும் சொன்னார். மறக்கக்கூடியதா அது? அந்த மண் இல்லையென்றால் சூளை இல்லை.

வேடியம்மாள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மயிலாத்தாள் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். வேடியம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. "கொடி இன்னும் விழலியே, மொதலாளியம்மா" என்றாள். "தொப்புள் கொடி விழட்டும். அதுவரைக்கும் புள்ளைய எடம் மாத்த மாட்டாங்க எங்கூர்ல. அப்பறம் எடுத்துக்கங்க, நானா வேணாங்கறன்?"

"சாயங்காலத்துக்குள்ள வேற அடுக்கிக் குடுத்துருவாங்க கண்ணு" என்றாள் மயிலாத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் காலைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரியும், அன்றைக்கு ஆட்கள் எல்லாரும் சூளை ஏற்றுவதில் இருந்தார்கள். டிராக்டர் வந்தது. சுவர் போனது. மாதையன் வேப்பமரத்தடியில் கயிறு கட்டித் தார்ப்பாயை இழுத்துவிட்டான். அடுத்த நாள் அடுக்கலாம் என்றிருந்ததும் அடுத்த நாள் நடக்கவில்லை, அதற்கடுத்த நாளும் நடக்கவில்லை. வேப்பமரத்துப் பக்கம் போகாமல் சூளையைச் சுற்றிவர மயிலாத்தாள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள்.

லோகநாதன் வீட்டில் அந்தச் சுவர் நின்றது. அங்கமுத்து காலையில் போய்த் தட்டிப் பார்த்தார், நின்றது. பூசினார்கள், நின்றது. பெண்ணுக்குப் பிடித்த ரோஸ் கலர் அடித்தார்கள், சுவிட்சுப் பெட்டி பதித்தார்கள், ஆணி அடித்து லட்சுமி படம் போட்ட காலண்டர் மாட்டினார்கள், எல்லாவற்றுக்கும் பொறுமையாக நின்றது. ஆனாலும் அங்கமுத்து, "நிக்குது, ஆனா ஒரு கால்ல நிக்கற மாதிரி நிக்குதுங்க" என்று தன் சம்சாரத்திடம் சொன்னதாகப் பின்னால் பேச்சு.

பால் காய்ச்சுவதற்கு முந்தின சாயங்காலம் கோடை மழை பிடித்தது. காற்றும் இடியுமாக ஊரைப் புரட்டியெடுத்தது. மயிலாத்தாள் தன் வீட்டு ஜன்னலில் நின்று வேப்பமரம் இருக்கும் திக்கைப் பார்த்தாள், போகலாம் என்று குடையை எடுத்தாள், போய் என்ன முகத்தோடு கூப்பிடுவது என்று வைத்தாள், மறுபடி எடுத்தாள். அப்படியே விடிந்துவிட்டது.

விடியற்காலையில் லோகநாதன் வீட்டுக்குச் சொந்தபந்தமெல்லாம் பட்டுச் சேலையும் வெற்றிலைத் தட்டுமாக வந்து சேர்ந்தபோது, அந்த அறைக்கு ஒரு பக்கம் இல்லை. கல் அடுக்கியிருக்கவும் இல்லை. தரையில் காரை மட்டும் மாவு போலக் குவிந்து கிடந்தது. ஈர ரோட்டில், தேங்கிய சேற்றில், காலடி வைத்தது போலச் சதுரச் சதுரமாகத் தடங்கள் கிழக்கே போயிருந்தன. கூட்டம் தடத்தைப் பார்த்தபடி நடந்தது. லோகநாதன் முன்னால் போனார், அவர் சம்சாரம் பால் சொம்பைக் கீழே வைக்க மறந்து கையிலேயே கொண்டுவந்தாள்.

மயிலாத்தாள் அவர்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். வேப்பமரத்தடியில் தார்ப்பாயைச் சுற்றி நாலு சுவர் எழும்பியிருந்தது, வாசல் நிமிர்ந்து நுழையும் உயரத்தில் இருந்தது, ஜன்னல் பழைய இடத்திலேயே இருந்தது. ஒரு பக்கத்துச் சுவர் மட்டும் உள்ளே ரோஸ் கலராக, சுவிட்சுப் பெட்டியோடு, காலண்டரோடு நின்றது. வெளியே எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, உள்ளே தரை காய்ந்திருந்தது. காய்ந்த தரையில் வேடியம்மாளும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாதையன் வாசலில் உட்கார்ந்து, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான், தீப்பெட்டி நமுத்திருந்தது.

"பிரிங்கடா" என்றார் லோகநாதன். யாரும் நகரவில்லை. அங்கமுத்து தன் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். லோகநாதன் மயிலாத்தாளைப் பார்த்தார். "அம்மிணி, மண்ணு..."

"எடுத்துக்குங்கண்ணா" என்றாள் மயிலாத்தாள். "மண்ணு உங்களுது, நீங்க எடுத்துக்குங்க. கல்லுக்கு இருக்கற புத்தி எனக்கு இல்லாமப் போச்சு. அதைய எடுக்க எனக்குக் கையி வராது."

அவள் உள்ளே போனாள். வேடியம்மாள் விழித்துக்கொண்டு எழப்பார்த்தாள், மயிலாத்தாள் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தாள். "ஏங் கண்ணு, இதைய எப்போ அனுப்புவ?" என்று கேட்டாள். இந்த முறை முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கொடி விழட்டும்னு அன்னைக்கே சொன்னனே அக்கா" என்றாள் வேடியம்மாள். முதலாளியம்மா என்று அவள் சொல்லவில்லை, அதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

லோகநாதனின் சம்சாரம் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். "பச்சை ஒடம்புக்காரி, இந்தப் பாலைக் காச்சிக் குடு மயிலா" என்று நீட்டிவிட்டுப் புருஷனிடம் திரும்பி, "கல்யாணத்தைத் தள்ளி வெக்கலாம் வாங்க" என்றாள். ஆக, செங்காட்டுப்பாளையம் முழுவதும், ஒரு கல்யாண வீடும் சமையல்காரரும் மேளக்காரரும் பந்தல்காரரும் உட்பட, தர்மபுரியிலிருந்து கல்லறுக்க வந்தவளின் குழந்தைக்குத் தொப்புள் கொடி விழுவதற்காகக் காத்திருந்தது. தெருவில் பார்த்துக்கொண்டால், "விழுந்துருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கொடியும் அவசரப்படவில்லை.

விழுந்த அன்று பக்கத்தில் வேறு குடிசை தயாராக இருந்தது, மயிலாத்தாளே கல் சுமந்து அடுக்கியது, ஆகவே கொஞ்சம் கோணல். வேடியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நம்மில் யாரும் வாசல் தாண்டும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம், அனுப்புகிறவர்களும் போ என்று சொல்லமாட்டார்கள். அவள் ரோஸ் சுவரைக் கையால் தட்டி, "போயிட்டு வா" என்றாள். சுவர் சத்தமில்லாமல் இறங்கி அடுக்கிக்கொண்டது. லோகநாதன் வீட்டில் அது இரண்டு காலிலும் நின்றது.

அன்றிலிருந்து ஊரில் எந்த வீட்டைப் பிரித்தாலும், அதில் கடைசியாகக் குடியிருந்தவர் வந்து சுவரைத் தட்டி அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் கடப்பாரை வைப்பது என்று வழக்கமாகியது. லோகநாதன் மண்ணை நிறுத்தவில்லை, நிறுத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் ஊருக்கு வேண்டிய கல் ஊருக்குள்ளேயே வீடு விட்டு வீடு போய்வந்துகொண்டிருந்தது, சூளையை வருஷத்துக்கு ஒருமுறை மூட்டினால் போதுமாக இருந்தது. மயிலாத்தாளின் சூளைமேடு கல்லும் கதவும் ஓடும் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே தங்கிப்போகிற இடமாகியது. கல்லறுக்க வந்தவர்கள் வீடு பிரிக்கக் கற்றுக்கொண்டு ஆடிக்குப் பிறகும் தங்கினார்கள். வேடியம்மாளும் தங்கினாள், குடிசை மாற்றிக் குடிசையாக. ஒவ்வொன்றிடமும் போயிட்டு வா என்று சொல்லி அனுப்பினாள். போனவை யாருடைய கூடமாகவோ சமையலறையாகவோ நின்றன. வந்தது என்று எதுவும் இல்லை. மயிலாத்தாளை அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வார்த்தையில் முதல் பாதியைத்தான் ஊர் எடுத்துக்கொண்டிருந்தது.

வருஷங்கள் போயின. லோகநாதனின் மகன் வெளிநாட்டோடு தங்கிவிட்டான், இருந்த இரண்டு பேருக்கும் அவ்வளவு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்க முடியவில்லை, பாதியைப் பிரித்துவிடலாம் என்றார் லோகநாதன். சுண்ணாம்பில் கட்டியது, முழுசாக வந்தது. டிராக்டர் சூளைமேட்டில் வந்து நின்றபோது, ஏற்கெனவே நாலு பேர் விலைபேசக் காத்திருந்தார்கள். மயிலாத்தாள் லோடைச் சுற்றிவந்தாள். நடுவில் சில கற்களில் ஒட்டியிருந்த ரோஸ் கலர் இன்னும் போகவில்லை.

"இது விக்கறதுக்கில்லீங்க" என்றாள் காத்திருந்தவர்களிடம். டிரைவரிடம், "நேரா உடு, வேப்பமரத்துக்கு" என்றாள். அந்த இடம் அவளுடைய சொந்த இடம், அதை வேடியம்மாள் பெயருக்கு எழுதி வீடும் கட்டிக் கொடுப்பது என்று அவள் முன்பே முடிவுசெய்திருந்தாள், கல்லுக்காகத்தான் காத்திருந்தாள்.

வேடியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், பின்னாலேயே ரெட்டைச் சடையும் பள்ளிக்கூடப் பையுமாக அவள் மகள் காவேரி வந்தாள். வேடியம்மாள் முதலில் எதுவும் விளங்காமல் நின்றாள். பிறகு ஒரு கல்லை எடுத்துத் திருப்பினாள், கட்டைவிரலால் அந்த ரோஸ் திட்டைத் தேய்த்தாள், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"யாரும்மா வந்துருக்காங்க?" என்று கேட்டாள் காவேரி.

வேடியம்மாள் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பொழுதோடு வருகிறேன் என்று போய்விட்டு நேரங்கழித்து வந்து நிற்கும் பிள்ளையிடம் கேட்பது போல, கோபமும் அழுகையுமாக, கல்லைப் பார்த்து, "இப்பத்தான் வர்றியா?" என்றாள்.